கல்லாவுக்கும் வங்கிக்கும் இடையே: கடை முகப்பில் கைபேசிப் பணம் வழிப்படும் முறை

கைபேசி வழியாகக் கடையில் பணம் செலுத்துவது பற்றிய பேச்சு பெரும்பாலும் செயலிகளைச் சுற்றியே நடக்கிறது. எந்தச் செயலி எளிது, எது கூடுதல் சலுகை தருகிறது, எதைக் கடைக்காரர்கள் விரும்புகிறார்கள் என்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் கவனம், செயலிக்கும் கடையின் கல்லாவுக்கும் இரு தரப்பு வங்கிகளுக்கும் இடையில் நின்று ஒவ்வொரு கோரிக்கையையும் உரிய இடத்துக்கு அனுப்பி விடையைத் திரும்பக் கொண்டுவரும் அடுக்குக்குக் கிடைப்பதில்லை. இரு மென்பொருள்களுக்கு நடுவில் இருந்துகொண்டு, ஒன்றின் செய்தியை மற்றது புரிந்துகொள்ளும் வடிவுக்கு மாற்றித் தரும் இவ்வடுக்கு இடைநிலை மென்பொருள் எனப்படுகிறது; வந்த கோரிக்கை எங்கே போக வேண்டும் என்று தீர்மானித்து அனுப்பும் அதன் பணி வழிப்படுத்தல் எனப்படுகிறது. இப்பணியை மூன்று கேள்விகளின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது: கோரிக்கை போக வேண்டிய இடம் எவ்வாறு கண்டறியப்படுகிறது, பாதையைத் தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது, விடை வராமற்போனால் என்ன நடக்கிறது. முதற்கேள்விக்குத் தொழில்நுட்பமும் இரண்டாவதற்குச் சட்டமும் பெருமளவு விடை தந்துவிட்டன. ஓர் அமைப்பின் தரத்தை உரைத்துப் பார்க்கும் உரைகல் மூன்றாவது கேள்வியே என்பதை இனி வரும் பகுதிகள் காட்டும்.

மூவகைப் பணப்பைகள்

கைபேசிப் பணப்பை என்று பொதுவாகச் சொல்லப்படுபவை உள்ளமைப்பில் மூன்று வகைப்படும். முதல் வகையில் வாடிக்கையாளர் முன்கூட்டியே பணத்தை நிரப்பி வைக்கிறார்; அந்த இருப்பு பணப்பை நடத்தும் நிறுவனத்தின் கணக்கேட்டில் இருக்கிறது. கென்யாவில் 2007-இல் தொடங்கிய எம்-பெசாவும், இந்தியாவில் பேடிஎம் தொடக்க காலத்தில் பரப்பிய வாலட்டும் இவ்வகையைச் சேர்ந்தவை. இரண்டாம் வகையில் பணப்பைக்குள் பணமே இல்லை. வங்கி வழங்கிய கடன் அட்டை அல்லது பற்று அட்டையின் மாற்று வடிவம் மட்டுமே கைபேசியில் இருக்கிறது. அமெரிக்காவில் 2014 அக்டோபர் 20 அன்று நடைமுறைக்கு வந்த ஆப்பிள் பே இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. மூன்றாம் வகையில் செயலி நேரடியாக வங்கிக் கணக்கைத் தொடுகிறது. என்பிசிஐ எனச் சுருக்கமாக வழங்கப்படும் இந்திய தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் 2016 ஏப்ரலில் அறிமுகப்படுத்திய யுபிஐ முறையில் இயங்கும் செயலிகள் இவ்வகையின. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தின் யுபிஐ பரிவர்த்தனைகள் 2,000 கோடியைத் தாண்டின.

இப்பகுப்பு வெறும் வகைப்பாட்டுக்காகச் செய்யப்படுவதன்று. பணம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கோரிக்கை இறுதியில் போய்ச் சேர வேண்டும் என்பதால், பணப்பையின் வகையே பாதையின் முடிவிடத்தை நிர்ணயிக்கிறது. முதல் வகையில் கோரிக்கை ஒரே நிறுவனத்தின் கணினியோடு நின்றுவிடலாம். மற்ற இரண்டிலும் அது பல நிறுவனங்களைக் கடந்தே வங்கியை எட்டுகிறது.

போக வேண்டிய இடத்தைக் கண்டறிதல்

அட்டையைக் கொண்ட பணப்பையில் தொடக்கம் மின்காந்த அலையில் நிகழ்கிறது. கடையின் கார்டு மெஷின் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு சிறு புலத்தை உருவாக்குகிறது. சில சென்டிமீட்டர் தொலைவுக்குள் கைபேசி வந்ததும், அதில் எந்தெந்த அட்டைச் செயலிகள் உள்ளன என்று மெஷின் கேட்க, கைபேசி அவற்றின் அடையாள எண்களைத் தருகிறது. இரு தரப்பும் ஏற்கும் ஒன்று தேர்வானபின், உண்மையான அட்டை எண்ணுக்குப் பதிலாக டோக்கன் எனப்படும் மாற்று எண்ணும், அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டுமே செல்லும் மறைகுறியீடும் அனுப்பப்படுகின்றன. அட்டை நிறுவனங்களின் கூட்டமைப்பான ஈஎம்விகோ இந்த டோக்கன் முறைக்கான வரையறையை 2014-இல் வெளியிட்டது. அஞ்சல் குறியீட்டின் முதல் இலக்கங்களைப் பார்த்தே கடிதம் எந்த மண்டலத்துக்கு உரியது என்று பிரித்துவிடுவதுபோல, கடைக்காரரின் வங்கி டோக்கனின் முதல் இலக்கங்களைப் பார்த்து அது எந்த அட்டை வலையமைப்புக்கு உரியது என்று அறிந்து அங்கே அனுப்புகிறது. வலையமைப்பு தன் காப்பகத்தில் டோக்கனுக்குரிய உண்மை எண்ணைக் கண்டெடுத்து, அட்டையை வழங்கிய வங்கிக்குக் கோரிக்கையைச் சேர்க்கிறது. இந்த ஒப்புதல் பாதையில் கைபேசி உற்பத்தியாளரின் கணினி குறுக்கிடுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. அட்டையைக் கைபேசியில் பதியும்போது வந்து உதவும் அவர், கல்லாவில் பணம் செலுத்தும்போது பாதைக்கு வெளியே நிற்கிறார்.

சீனாவில் வேரூன்றிய முறை வேறு. அங்கே வாடிக்கையாளரின் திரையில் சிறிது நேரமே செல்லுபடியாகும் பட்டைக் குறியீடு தோன்ற, கடைக்காரர் அதைத் தம் ஸ்கேனரால் படிக்கிறார். அலிபே, வீசாட் பே ஆகிய இரு பணப்பைகளையும் ஏற்கும் கடையில் வாடிக்கையாளர் எதைக் காட்டுகிறார் என்று காசாளர் கேட்க வேண்டியதில்லை. வீசாட் பேயின் குறியீடு 18 இலக்கங்கள் கொண்டது, அது 10 முதல் 15 வரையிலான எண்களில் ஒன்றில் தொடங்கும். அலிபேயின் குறியீடு 25 முதல் 30 வரையிலான எண்களில் ஒன்றில் தொடங்கும். ஆகவே முதல் இரண்டு இலக்கங்களைக் கண்டதுமே இடைநிலை மென்பொருள் கோரிக்கையை உரிய நிறுவனத்துக்குத் திருப்பிவிடுகிறது. பல பணப்பைகளை ஒரே இணைப்பில் திரட்டித் தரும் தொழில் அங்கே தழைத்ததற்கு இந்த எளிமையும் துணைபுரிந்தது.

யுபிஐயில் திசை தலைகீழாகிறது: குறியீட்டைக் காட்டுபவர் கடைக்காரர், படிப்பவர் வாடிக்கையாளர். மளிகைக் கடை ஒன்றில் 437 ரூபாய்க்குப் பில் வந்திருப்பதாகக் கொண்டால் நிகழ்வது இதுவாகும். கியூஆர் குறியீட்டுக்குள் பணம் பெறுபவரின் யுபிஐ முகவரி, பெயர், தொகை, வணிக வகைக் குறியீடு, பில்லுக்குரிய குறிப்பெண் ஆகியவை எழுத்துச் சரமாக அடங்கியிருக்கின்றன. வாடிக்கையாளர் அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை இடுகிறார்; அவ்வெண் கைபேசியிலேயே மறைகுறியாக்கப்படுவதால் செயலி அதை அறிய முடியாது. செயலி சார்ந்த வங்கி கோரிக்கையை என்பிசிஐயின் மைய ஸ்விட்சுக்கு, அதாவது எல்லா வங்கிகளையும் இணைத்துச் செய்திகளைப் பிரித்தனுப்பும் கணினி அமைப்புக்கு அனுப்புகிறது. யுபிஐ முகவரியில் அட்-குறிக்குப் பின்வரும் பகுதி அம்முகவரியை வழங்கியவர் யார் என்பதைச் சொல்லிவிடுவதால், ஸ்விட்ச் அவரிடம் கேட்டு அம்முகவரிக்குப் பின்னுள்ள கணக்கு விவரத்தைப் பெறுகிறது. பின்னர் வாடிக்கையாளரின் வங்கியிடம் 437 ரூபாயைக் கழிக்கச் சொல்கிறது; கழித்தாயிற்று என்ற விடை வந்தபின் கடைக்காரரின் வங்கியிடம் வரவு வைக்கச் சொல்கிறது; அதற்கும் விடை வந்தபின் இரு தரப்பு அமைப்புகளுக்கும் முடிவை அறிவிக்கிறது. கழித்தலும் வரவு வைத்தலும் தனித்தனியான இரண்டு செயல்கள் என்பதை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். பின்னர் ஆராயப்படும் சிக்கலின் வேர் அதில்தான் இருக்கிறது.

ஒரே ஸ்டிக்கர், பல பாதைகள்

ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிக் குறியீட்டைக் கடையில் ஒட்டினால் கல்லா முழுவதும் ஸ்டிக்கர்களால் நிறைந்துவிடும். இதைத் தவிர்க்க ஈஎம்விகோ 2017-இல் ஒரு பொது வரையறையை வெளியிட்டது. அதன்படி ஒரே கியூஆர் குறியீட்டுக்குள் பல நிறுவனங்களுக்குரிய வணிகர் விவரங்களை எண்ணிட்ட தனித்தனிப் பகுதிகளாக அடுக்கலாம். வாடிக்கையாளரின் செயலி தனக்குத் தெரிந்த பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுவிடும். பாதையின் முதல் தேர்வு இங்கே கைபேசிக்குள்ளேயே நடந்துவிடுகிறது.

சிங்கப்பூர் 2018 செப்டம்பரில் இம்முறையில் எஸ்ஜிகியூஆர் என்ற பொது ஸ்டிக்கரை அறிமுகப்படுத்தி 27 கட்டண முறைகளை அதற்குள் கொண்டுவந்தது. ஆயினும் ஸ்டிக்கர் ஒன்றானதே தவிரப் பாதைகள் ஒன்றாகவில்லை. எந்த முறைகளில் பணம் பெற விரும்பினாலும் அவை ஒவ்வொன்றுடனும் கடைக்காரர் தொடர்பு வைத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே நிதி நிறுவனத்துடன் பதிவு செய்துகொண்டாலே பல முறைகளிலும் பணம் பெறலாம் என்ற ஏற்பாட்டை 2023 நவம்பரில் அந்நாடு சோதித்துப் பார்த்ததற்கு இதுவே காரணம். குறியீட்டை ஒன்றாக்குவது அச்சகத்தோடு முடியும் வேலை. பாதைகளை இணைப்பதற்கோ நடுவில் ஸ்விட்சும், கட்டணப் பங்கீடும், கணக்குத் தீர்க்கும் ஒப்பந்தமும் வேண்டும்.

இலங்கையின் லங்காகியூஆர் முறை இவ்வனுபவத்தை எல்லை கடந்த நிலையில் காட்டுகிறது. 2024 பிப்ரவரி 12 முதல் இந்தியப் பயணிகள் தம் யுபிஐ செயலியால் இலங்கைக் கடைகளில் பணம் செலுத்த வழி ஏற்பட்டது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள கடைக்காரர் புதிய ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதில்லை. அதே குறியீட்டை இந்தியச் செயலி படித்ததும், வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கில் இந்திய ரூபாயில் கழிக்கப்படும் பணம் கடைக்காரரின் கணக்கில் இலங்கை ரூபாயாக வந்து சேர்கிறது. நாணய மாற்றும் இரு நாட்டு ஸ்விட்சுகளுக்கிடையேயான கணக்குத் தீர்ப்பும் இருவர் கண்ணுக்கும் புலப்படாத இடைநிலை அடுக்கில் நிகழ்கின்றன.

கடைக்குள் உள்ள அடுக்கு

மேற்கண்டவை கடைக்கு வெளியே நிகழ்பவை. பெரிய ஜவுளிக்கடை, பல்பொருள் அங்காடி போன்றவற்றில் கடைக்குள்ளேயே மற்றோர் இடைநிலை அடுக்கு இயங்குகிறது. பில்லிங் மென்பொருள் ஒரு நிறுவனத்துடையதாகவும், கார்டு மெஷின் மற்றொன்றினுடையதாகவும், கியூஆர் சேவை மூன்றாவதுடையதாகவும் இருப்பது வழக்கம். பில்லிங் மென்பொருள் இவை அனைத்தின் மொழியையும் கற்க வேண்டியதில்லாதபடி, நடுவிலுள்ள அடுக்கு ஒரே வடிவிலான கோரிக்கையை வாங்கி, அதை உரிய சேவைக்குரிய வடிவில் மாற்றி அனுப்புகிறது. தொகையும் பில் எண்ணும் மட்டுமே இவ்வழியே செல்ல, அட்டை விவரம் மெஷினிலிருந்து நேராக வங்கிக்குச் செல்லுமாறு அமைப்பதே பாதுகாப்பான நடைமுறை. அட்டை எண் பில்லிங் கணினியைத் தொடாவிடில், அக்கணினியைத் திருடர்கள் ஊடுருவினாலும் அங்கே திருட அட்டை எண் இராது.

சிறு கடையில் இத்தகைய அடுக்கு இல்லை. அச்சிட்டு ஒட்டிய நிலையான கியூஆர் குறியீட்டில் தொகையோ பில் எண்ணோ இருப்பதில்லை. தொகையை வாடிக்கையாளரே இடுகிறார். வந்த பணம் எந்தப் பில்லுக்கு உரியது என்பதைக் கடைக்காரர் தம் நினைவிலேயே பொருத்திக்கொள்கிறார். பணம் வந்ததை உரக்க அறிவிக்கும் சவுண்ட்பாக்ஸ் கருவி இந்த வெற்றிடத்தை நிரப்பவே வந்தது. சிம் அட்டை பொருத்திய அக்கருவி, கடைக்காரருக்குக் கியூஆர் வழங்கிய நிறுவனத்தின் கணினியிலிருந்து வரும் அறிவிப்பைப் பேச்சாக்குகிறது. வாடிக்கையாளர் காட்டும் திரை போலியாக இருக்கக்கூடும் என்பதால், கடைக்காரர் தரப்பிலிருந்தே வரும் இவ்வறிவிப்புக்கு மதிப்பு மிகுதி. ஆனால் கருவி மௌனமாக இருப்பதற்குப் பணம் வரவில்லை என்பது மட்டுமே பொருளன்று. கருவியின் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தாலும் அதே மௌனம்தான்.

பாதையைத் தீர்மானிக்கும் உரிமை

ஒரே இடத்துக்கு இரண்டு பாதைகள் இருக்கும்போது எதைத் தேர்வது என்பது தொழில்நுட்பக் கேள்வியாக நின்றுவிடுவதில்லை. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு கட்டணம் உண்டு. அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டின் நிதிச் சீர்திருத்தச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட டர்பின் திருத்தம், ஒவ்வொரு பற்று அட்டையிலும் ஒன்றோடொன்று தொடர்பற்ற இரண்டு வலையமைப்புகளேனும் இருக்க வேண்டும் என்றும், எதன் வழியே அனுப்புவது என்பதைத் தேரும் உரிமை வணிகருக்கு உண்டு என்றும் வகுத்தது. டோக்கன் முறை வந்தபின் இவ்வுரிமைக்குப் புதிய தடை முளைத்தது: டோக்கனை உண்மை எண்ணாக மாற்றும் காப்பகம் ஒரு வலையமைப்பின் கையில் இருந்தால், போட்டி வலையமைப்பு அதன் தயவின்றி இயங்க முடியாது. இணையவழிப் பணப்பைப் பரிவர்த்தனைகளில் மாஸ்டர்கார்டு இவ்வாறு தடுத்ததாகக் கூறி அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2022 டிசம்பரில் நடவடிக்கை எடுத்து, போட்டி வலையமைப்புகளுக்கு வேண்டிய அட்டை விவரத்தைத் தருமாறு பணித்தது. பாதுகாப்புக்காக வந்த ஒரு நுட்பம் பாதையைப் பூட்டும் சாவியாகவும் ஆகக்கூடும் என்பதற்கு இது சான்று.

வணிகர்களே பாதையை அடைத்த நிகழ்வும் உண்டு. வால்மார்ட் உள்ளிட்ட பெருவணிகர்கள் அட்டைக் கட்டணத்தைத் தவிர்க்கும் நோக்குடன் கரன்ட்சி என்ற சொந்தப் பணப்பையை உருவாக்கி வந்தனர். ஆப்பிள் பே வந்த சில நாள்களிலேயே அக்கூட்டணியைச் சேர்ந்த இரண்டு மருந்துக்கடைத் தொடர்கள் தம் மெஷின்களில் கைபேசியை அலைவழியே படிக்கும் வசதியையே நிறுத்திவைத்தன. கரன்ட்சி நாடளாவிய பயன்பாட்டுக்கு வராமலே 2016-இல் கைவிடப்பட்டது. பாதையைத் தீர்மானிக்கும் உரிமை இருந்தும், வாடிக்கையாளர் விரும்பும் பாதையை நெடுங்காலம் மறுக்க வணிகரால் முடியவில்லை.

சீனாவில் அரசே பாதையை மாற்றியமைத்தது. பணப்பை நிறுவனங்கள் ஒவ்வொரு வங்கியுடனும் நேரடியாக இணைந்திருந்ததால், பணம் எங்கிருந்து எங்கே போகிறது என்ற முழுப் பார்வை மைய வங்கிக்குக் கிட்டவில்லை. ஆகவே நெட்ஸ்யூனியன் என்ற பொது ஸ்விட்ச் நிறுவப்பட்டு, 2018 ஜூன் 30-க்குப் பிறகு வங்கிக் கணக்கைத் தொடும் பணப்பைப் பரிவர்த்தனைகள் இத்தகைய பொது அமைப்பின் வழியே செல்ல வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இந்தியாவோ தொடக்கத்திலிருந்தே மைய ஸ்விட்சை ஏற்றது. வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியே பெறும் பணத்துக்கு 2020 ஜனவரி முதல் வணிகர் கட்டணம் இல்லை. ஆனால் முன்கூட்டிப் பணம் நிரப்பிய வாலட்டிலிருந்து அதே கியூஆர் குறியீட்டின் வழியே 2,000 ரூபாய்க்கு மேல் செலுத்தினால், 2023 ஏப்ரல் முதல் நிறுவனங்களுக்கிடையே 1.1 விழுக்காடு வரை பரிமாற்றக் கட்டணம் உண்டு. ஸ்டிக்கர் ஒன்று, தொகை ஒன்று. பணம் புறப்படும் இடம் மாறினால் செலவு மாறுகிறது.

விடை வராத நிலை

வழிப்படுத்தலின் கடினமான பகுதி இனிமேல்தான் வருகிறது. கோரிக்கைக்கு மூன்று விடைகள் சாத்தியம்: பணம் கழிக்கப்பட்டது, மறுக்கப்பட்டது, விடையே வரவில்லை. முதல் இரண்டிலும் கல்லாவில் குழப்பமில்லை. மூன்றாவதில், கோரிக்கை போகும் வழியில் தொலைந்ததா, பணம் கழிக்கப்பட்டு விடை திரும்பும் வழியில் தொலைந்ததா என்பதை அனுப்பியவரால் அறிய முடியாது. முதலாவது நேர்ந்திருந்தால் மீண்டும் அனுப்புவதே சரி. இரண்டாவது நேர்ந்திருந்தால் மீண்டும் அனுப்புவது வாடிக்கையாளரிடம் இருமுறை பணம் பறிப்பதாகும்.

இதற்கு வெவ்வேறு அமைப்புகள் வெவ்வேறு பரிகாரம் கண்டுள்ளன. அட்டை உலகில் கோரிக்கைச் செய்திக்கு 0100 அல்லது 0200 என்ற வகை எண்ணும், அதைத் திரும்பப் பெறும் செய்திக்கு 0400 என்ற வகை எண்ணும் உண்டு. குறித்த நேரத்துக்குள் விடை வராவிட்டால் மெஷின் தானே 0400 செய்தியை அனுப்பி, நடந்திருந்தால் அதை நீக்குமாறு கேட்கிறது. வீசாட் பேயில் வாடிக்கையாளர் கடவுச்சொல் இட வேண்டியிருந்தால் ‘பணம் செலுத்திக்கொண்டிருக்கிறார்’ என்ற இடைநிலை விடை வருகிறது. கடையின் மென்பொருள் சில நொடிகளுக்கு ஒருமுறை நிலையை விசாரித்து, முடிவு தெரியாவிட்டால் பரிவர்த்தனையை ரத்து செய்ய வேண்டும். இரண்டிலும் அடிப்படை நெறி ஒன்றே: ஐயம் நேர்ந்தால் விற்பனை நடக்கவில்லை என்று கொண்டு பின்வாங்கு.

யுபிஐயில் கழித்தலும் வரவும் தனித்தனியாக நிகழ்வதால் பரிகாரமும் இருவகைப்படுகிறது. கழிக்கும் வங்கியிடமிருந்து விடை வராவிட்டால் ஸ்விட்ச் அதைத் திருப்பச் சொல்கிறது. கழித்தபின் வரவு வைக்கும் வங்கியிடமிருந்து விடை வராவிட்டால், பரிவர்த்தனை நிறைவேறியதாகவே கருதப்பட்டு, பின்னர் நடக்கும் கணக்குச் சரிபார்ப்பில் தீர்க்கப்படுகிறது. பணம் வாடிக்கையாளரை விட்டு நீங்கியபின் பின்வாங்குவதைவிட முன்செல்வதே மேல் என்பது இதன் கருத்து. வாடிக்கையாளரின் கணக்கில் கழிந்தும் கடைக்கு உறுதிச் செய்தி வராவிட்டால் ஐந்து நாள்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும் என்றும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்தது. இவ்விதி வாடிக்கையாளரின் பணத்தைக் காக்கிறது. ஆயினும் கையில் பொருளோடு கல்லாவின் முன் நிற்பவரை அனுப்பிவிடுவதா நிறுத்திவைப்பதா என்று அந்த நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டியவர் கடைக்காரரே.

ஆகவே இடைநிலை மென்பொருளின் முதற்கடமை ஒவ்வொரு கோரிக்கைக்கும் மாறாத ஒரு குறிப்பெண் இட்டு, அனுப்புமுன்பே அதைத் தன் பதிவேட்டில் எழுதி வைப்பதாகும். அதே எண்ணில் இரண்டாம் முறை கோரிக்கை வந்தால் பெறுபவர் புதிதாகப் பணம் கழிக்காமல் பழைய விடையையே திரும்பத் தர வேண்டும். காசாளர் பொறுமையிழந்து பொத்தானை மீண்டும் அழுத்தும்போது மென்பொருள் புதிய எண்ணை உருவாக்கிவிட்டால் இக்காப்பு முழுதும் வீணாகிறது. ஒரு சேவை முடங்கியதும் மற்றொன்றுக்குத் தானாக மாற்றிவிடும் வசதியும் இதே எச்சரிக்கைக்கு உட்பட்டது: மறுப்பு வந்தபின் பாதை மாற்றுவது நன்மை; விடை வராதபோது பாதை மாற்றுவது இருமுறை கழிப்புக்கு வாசல் திறப்பது.

விசாரிப்பதிலும் அளவு வேண்டும் என்பதை 2025-ஆம் ஆண்டு உணர்த்தியது. அவ்வாண்டு ஏப்ரல் 12 அன்று யுபிஐ சேவை பல மணி நேரம் தடுமாறியது; பரிவர்த்தனை நிலையைக் கேட்டு வங்கிகளிடமிருந்து அளவுக்கு மீறிக் குவிந்த விசாரணைகளே காரணம் என்று என்பிசிஐ கண்டது. விடை தாமதமானால் விசாரணை பெருகும். விசாரணை பெருகினால் விடை மேலும் தாமதமாகும். தனித்தனியே நோக்கினால் ஒவ்வொரு மென்பொருளும் தன் கடமையையே செய்தது. அனைத்தும் சேர்ந்து மையத்தைத் திணறடித்தன. இதன்பின், முதல் விசாரணைக்கு முன் சிறிது நேரம் பொறுக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் கேட்கலாகாது என்ற வரம்பு வந்தது. அதே ஆண்டு ஜூன் 16 முதல் பணம் செலுத்தும் கோரிக்கைக்கு விடை தர வேண்டிய காலவரம்பு 30 நொடியிலிருந்து 15 நொடியாகக் குறைக்கப்பட்டது. இவ்விரண்டையும் இணைத்து நோக்கினால் நெறி தெளிவாகிறது: விடை விரைந்து வர வேண்டும், வராதபோது கேட்பவர் நிதானம் காக்க வேண்டும்.

முடிபு

முகவரி கண்டறிதல் இன்று ஏறத்தாழ முழுமையாகத் தீர்ந்த சிக்கல். டோக்கனின் முதல் இலக்கங்களோ, பட்டைக் குறியீட்டின் முதல் இரண்டு எண்களோ, யுபிஐ முகவரியின் பின்பகுதியோ அதைச் செய்துவிடுகின்றன. பாதையின் மேலுள்ள உரிமையை ஒவ்வொரு நாடும் தன் நோக்குக்கேற்ப, அமெரிக்கா போட்டியின் வழியாகவும் சீனாவும் இந்தியாவும் பொது ஸ்விட்சின் வழியாகவும் வகுத்துக்கொண்டுள்ளன. எஞ்சி நிற்பது விடை வராத சில நொடிகளின் பொறுப்பு. இதில் என்பிசிஐ வங்கிவாரியாகத் தொழில்நுட்பக் காரணத்தால் தோற்றவை எத்தனை, நிறைவேறியதாகக் கருதப்பட்டவை எத்தனை என்று மாதந்தோறும் விழுக்காட்டில் வெளியிடுவது பின்பற்றத்தக்க வழக்கம். ஆனால் அவ்வளவீடு ஸ்விட்சோடு இணைந்துள்ள அமைப்புகளோடு நின்றுவிடுகிறது. கடைக்குள் இயங்கும் அடுக்கிலும், கியூஆர் வழங்கிய நிறுவனத்திலிருந்து சவுண்ட்பாக்ஸ் வரையிலான இறுதிக் கண்ணியிலும் நேரும் தாமதம் எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. ஒரு சேவையைத் தேரும் வணிகர் கட்டண விகிதத்தைக் கேட்பதோடு, உறுதிச் செய்தி தாமதமாகும் பரிவர்த்தனைகள் எத்தனை, அவை எவ்வளவு நேரத்தில் தீர்கின்றன, அதுவரை இழப்பு யாருடையது என்ற மூன்றையும் கேட்டு எழுத்தில் பெறுவாராயின், இதுவரை அளக்கப்படாத அந்தக் கண்ணியும் பொறுப்புக்கு உட்படும்.